ஒரே துணியில் இரண்டு சேட்டு

லண்டன்
12.1.1968

நிக்கலஸ், இந்தக் கடிதத்தை நீ வாசிக்க வேண்டாம். இந்த வரியோடு மடித்து அப்பாவின் கையில் கொடு. கோபிக்காதே. அப்பா இதை வேறு யாரிடமாவது கொண்டுபோய் வாசிப்பிக்கட்டும்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ஐயா, கூச்சப்படாமல் எழுதியபடியே வாசித்துவிடுங்கள். வாசித்தபின் மறக்க முடியுமானால் மறந்துவிடுங்கள்.

அப்பா, வெள்ளைக்காரன் நேவியைக் கொண்டுபோனபோது அவர்களோடு கப்பலேறி வந்து எனக்குப் பத்து வருடம் முடிந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் முதலில் நோயாளியாகத்தான் போனேன் என்பது தெரியாது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பூங்காவில் இன்னொரு ஆணோடு இருந்தபோது பொலிஸ் பிடித்தது. மறியல் வீடா, வைத்தியமா என்று நீதவான் கேட்டார். வைத்தியம் என்றேன். கையில் கம்பியைக் கட்டி, ஆண்களின் படங்களைக் காட்டிக் காட்டிக் கரண்ட் கொடுத்தார்கள். ஆறு கிழமை. கை நடுக்கம் வந்தது, வேறொன்றும் மாறவில்லை. போன வருடம் சட்டத்தையே மாற்றி, வீட்டுக்குள் என்றால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கை நடுக்கத்தை என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது இங்கே வேறொரு டொக்டர் இருக்கிறார். என்னைப் போல ஆண்களையே விரும்புகிறவர்களில், இரட்டையாகப் பிறந்தவர்களைத் தேடித் தேடி விசாரிக்கிறார். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இருவரில், ஒருவன் இப்படி இருந்து மற்றவனும் இப்படியே இருந்தால், இது பிறப்போடு வந்தது. ஒருவன் மட்டும் இப்படி என்றால் வளர்ப்பில் எங்கேயோ வந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் இரட்டையர்களைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்கிறார்.

உங்களிடம் மூன்று விசயம் கேட்கச் சொன்னார். நாங்கள் பிறந்தபோது நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா? எங்கள் இருவரின் வளர்ப்பில் வித்தியாசம் ஏதாவது இருந்ததா? என்னைப் பற்றி நீங்கள் எப்போது அறிந்தீர்கள்? நிக்கலஸின் இரத்தமும் அவன் வாயால் ஒரு பதிலும் வேண்டுமாம். அது பிறகு. கலியாணம் பொருந்திவிட்டது என்று நத்தார்ப் பண்டிகைக்கு அவன் எழுதியிருந்தான். அதைக் குழப்ப எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் அவன் வாசிக்க வேண்டாம் என்றேன்.

இவ்வளவு வயது வரைக்கும் நான் எங்கே பிழை விட்டேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், அப்பா. பிழை நான் விட்டதல்ல என்று ஒரு படித்த மனிதர் எழுதி வைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். நீங்கள் என்னை அடித்த அந்த நாளைப் பற்றி நாம் ஒருபோதும் பேசவில்லை. இப்போது பேசலாம்.

உங்கள் மகன்
றொபேட்

†

திருக்கோணமலை
4.2.1968

மகன் றொபேட்டுக்கு அப்பா சந்தியாப்பிள்ளை சொல்லி எழுதுவிப்பது.

மேலே உள்ள சிலுவை மட்டும் என் கையால் போட்டது. மீதியை எழுதுகிறவர் குறிஞ்சாக்கேணி கலீலுர் றஹ்மான் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வெடுத்தவர். நான் எப்படிச் சொன்னாலும் தான் எழுத்துத் தமிழில்தான் போடுவாராம். போடட்டும்.

உன் கடிதத்தை வழக்கம் போல நிக்கலஸ்தான் உடைத்தான். முதல் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு நின்றான். "உங்கட கடிதமாம்" என்று மடித்துத் தந்துவிட்டு, சாப்பிடாமல் சீனன்குடா எண்ணெய்க் குதத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இத்தனை வருடமாக உன் கடிதங்களை எனக்கு வாசித்தவன் அவன். அவனை ஏன் அப்படி நிறுத்தினாய்?

பதினொரு நாள் அந்தக் கடிதம் என் சேட்டுப் பையில் கிடந்தது. சுவாமியாரிடம் போக மனமில்லை. சனத்துக்கு மனு, பெற்றிசம் எழுதும் குணரத்தினத்திடம் கொடுத்தால் பின்னேரத்துக்குள் கடைத்தெருவே வாசித்துவிடும். கடைசியில் கிண்ணியாத் துறையில், ஆற்றைக் கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்திருந்த சனத்துக்கு மாஸ்டர் பேப்பர் வாசித்துக் கொண்டிருந்ததைக் கண்டேன். எங்கள் கோயிலும் இல்லை, எங்கள் தெருவும் இல்லை. அது போதும் என்று கொடுத்தேன். ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணன், மிச்சத்தையும் வாசிக்கட்டா, இதோட நிப்பாட்டட்டா?"

"வாசியுங்கோ மாஸ்டர். பல்லுப் பிடுங்கிறவன் பாதியில நிப்பாட்டிறதில்லை."

றொபேட், நீ இதை எழுதியிருக்கக் கூடாது. எழுத்து இன்னொருவர் வாய்க்குள் போய்த்தான் என் காதுக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டாய். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்து இல்லை, ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் பிறந்தது 1935 ஒக்ரோபர் பத்து, வியாழக்கிழமை. டொக்யாட்டில் மத்தியானச் சங்கு ஊதியபோது நிக்கலஸ் வந்தான். ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கிற நேரம் கழித்து நீ வந்தாய். நச்சுக்கொடி ஒன்றே ஒன்று. மருத்துவிச்சி நல்லம்மா அதைச் சட்டியில் போட்டு என்னிடம் காட்டினாள். நான்தான் வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தேன். உன் டொக்டரிடம் சத்தியம் செய்து சொல்லலாம்.

வளர்ப்பில் வித்தியாசம் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு பேருக்கும் பால் போதவில்லை. தம்பலகாமத்துப் பெரியம்மாவுக்குப் பிறந்த பிள்ளை அந்த மாதம்தான் தவறியிருந்தது. அவள் வந்து ஒருவரைத் தா என்றாள். எவனைக் கொடுப்பதென்று அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லை. பெரியம்மா குனிந்து வாசல் பக்கமாகக் கிடந்த பிள்ளையைத் தூக்கினாள். வாசல் பக்கம் கிடந்தது நீ. இரண்டு வருடம் அங்கே வளர்ந்தாய். திரும்பி வந்தபோது அம்மாவைத் தெரியாமல் அழுதாய். பெற்ற தாயின் பாலைக் குடித்த நிக்கலஸ் சரியாக இருக்கிறான். நீ இப்படி ஆனாய். இதற்கு லண்டன் டொக்டர் எதற்கு? நான் அப்போது ஒரு ஆட்டை வாங்கி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மூன்றாவது கேள்வி. 1955 ஒக்ரோபர் 29, சனிக்கிழமை. மழை தொடங்கின கிழமை. நாலு மணிச் சங்கு ஊதி வின்ச்சை நிறுத்திவிட்டு வந்தேன். கயிற்றுக் கொட்டிலுக்குப் பின்னால், கப்பலுக்குப் பெயின்ற் அடிக்க வந்த ஒரு இளந்தாரியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி ஒருவன் நின்றான். எனக்கு நின்றவனின் முதுகுதான் தெரிந்தது. உங்கள் இருபதாவது பிறந்தநாளுக்கு அம்மா ஒரே துணியில் தைத்த, நீலக்கோடு போட்ட சேட்டு. நான் கூப்பிடவில்லை. ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தேன். கிணற்றடியில் அதே சேட்டோடு நீ கால் கழுவிக்கொண்டு நின்றாய். முழங்கால் வரைக்கும் கறுத்தச் சேறு. கண்டதைச் சொல்லிச் சொல்லி அடித்தேன். பதினொரு அடி. ஏன் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததிலேயே எனக்கு நிச்சயமாயிற்று.

இனி மாஸ்டர் வீட்டு விலாசத்துக்கே எழுது. நிக்கலஸின் கலியாணம் உயிர்த்த ஞாயிறு கழித்து. பெண் பாலையூற்று அருள்மலர், கன்னியர் மடத்தில் தையல் படிப்பிக்கிறவள். நாலு வருடம் நான் பின்னால் நின்று நச்சரித்துத்தான் அவன் சம்மதித்தான்.

அப்பா

லண்டன்
26.2.1968

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியம்மா என்னைக் கொன்றும் விடவில்லை, கெடுத்தும் விடவில்லை. அவ வளர்த்த இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு நாளும் அப்படி நினைக்காதீர்கள். ஆனால் டொக்டர் அதைக் கேட்டுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே கரு, இரண்டு பால், இரண்டு வீடு. அவர் தேடினது கிடைத்துவிட்டது போல எழுதிக்கொண்டார்.

உங்கள் கடிதத்தை இங்கிலீசில் மாற்றித் தரச் சொன்னார். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமைப் பகுதியை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. நான்கு நாள் தாளை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அப்பா, கிணற்றடியில் நான் கழுவியது என்ன சேறு? கயிற்றுக் கொட்டிலுக்குப் பின்னால் சீமெந்துத் தரை. துறைமுகத்தில் எங்கே முழங்கால் வரைக்கும் கறுத்தச் சேறு இருக்கிறது? அது விதைப்புக் காலம். அந்தக் கிழமை முழுவதும் நான் பெரியம்மாவின் வயலில் நின்றேன். அன்று மூன்றரை மணிக்கு உழவு மெசினில் வந்து சந்தியில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் ஆகவில்லை, நீங்கள் கயிற்றோடு வந்தீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் கத்தினதெல்லாம் எனக்கும் பொருந்தியது. நான் அந்த இடத்தில் நிற்கவில்லையே தவிர, நான் அப்படிப்பட்டவன்தான். எனக்குள் இருந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இரண்டாவது அடியிலோ மூன்றாவது அடியிலோதான் நீங்கள் கண்டது யாரை என்று விளங்கியது. பிறகு வாயைத் திறந்தால் அவனுக்கும் பதினொன்று விழும்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நிக்கலஸுக்காக எழுதுகிறேனா, அந்தப் பெண்ணுக்காகவா, பன்னிரண்டு வருடக் கோபத்தில் எழுதுகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவனோடு பேசுங்கள். கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் போய்ப் பேசுங்கள்.

றொபேட்

†

திருக்கோணமலை
29.4.1968

மகன் றொபேட்டுக்கு,

உன் கடிதத்தை மாஸ்டர் வாசிக்கக் கேட்டுவிட்டு, எழுந்து துறைக்குப் போய்விட்டேன். அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வர எனக்கு ஏழு கிழமை எடுத்தது.

அது வயல் சேறு. பன்னிரண்டு வருடமாக அந்தச் சேறு என் கண்ணில் நிற்கிறது. உன் இடது முழங்காலில் ஒரு புல்லு ஒட்டியிருந்தது கூட நிற்கிறது. ஒருதரம் கூட அது எங்கிருந்து வந்த சேறு என்று நான் யோசிக்கவில்லை. உங்கள் இரண்டு பேரையும் இருட்டிலும் பிரித்துச் சொல்வேன் என்று டொக்யாட் முழுவதும் பெருமை பேசினவன் நான். பட்டப்பகலில் ஒரு சேட்டைப் பார்த்து ஆளை மாற்றி அடித்தேன்.

(இந்த இடத்தில் சந்தியாப்பிள்ளை அண்ணன் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். – க.ற.)

மாஸ்டர், அதையெல்லாம் எழுத வேண்டாம்.

கோயிலில் கலியாண அறிவிப்பு முதலாவது ஓலையாக வாசித்த கிழமை, நிக்கலஸுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாட்டில் சீனன்குடாவுக்குப் போனேன். என்னை உள்ளே விட மாட்டார்கள். அவன் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். காவல்காரன் பத்து முழத்தில் நின்றதால் கோயிலில் பேசுகிற மாதிரித்தான் பேச முடிந்தது. வீட்டில் இதைக் கேட்க என்னால் ஏலாது. வேலி நடுவில் இருந்தபடியால்தான் கேட்டேன்.

"அண்டைக்குக் கயிற்றுக் கொட்டிலுக்குப் பின்னால நிண்டது நீதானே?"

அவன் காவல்காரனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஓம்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் கயிறோட போறதைக் கண்டு பின்னால வந்து குசினி வாசலில நிண்டனான், அப்பா. அவன் வாயைத் திறந்தால் நானும் வந்து பக்கத்தில நிப்பம் எண்டு நிண்டனான். அவன் திறக்கேல்லை. பிறகு எனக்குத் திறக்கத் தெரியேல்லை."

அது இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அம்மா செத்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

"காய்ச்சலே, விட்டுப்போக?"

அப்படியென்றால் அந்தப் பெண்ணை என்ன செய்யப் போகிறாய் என்றேன். நல்லாக வைத்திருப்பானாம். அடிக்க மாட்டானாம், குடிக்க மாட்டானாம், சம்பளத்தைக் கையில் கொடுப்பானாம். கலியாணம் முடிக்காமல் இருந்தால் ஏன் என்று ஊர் கேட்குமாம். ஊரை விடுங்கள், நீங்கள்தானே நாலு வருடமாகக் கேட்டீர்கள் என்றான். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னான்:

"இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. தடை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ எண்டு சுவாமி கேப்பார்தானே. எழும்பி நிண்டு சொல்லுங்கோ. நான் மறுக்க மாட்டன். அவன் நிண்ட மாதிரிப் பேசாமல் நிப்பன்."

நேற்று இரண்டாவது ஓலை. இப்போது பிறை பார்த்து வரும் போயா நாளுக்குத்தான் லீவு, ஞாயிறு வேலை நாள் என்பதால் பூசை விடிய முன்னமே. சுவாமியார் சந்தியாப்பிள்ளை மகன் நிக்கலஸ் என்று வாசித்தார். தடை அறிந்தவர்கள் மனச்சாட்சிப்படி அறிவிக்க வேண்டும் என்றார். அருள்மலர் பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு இருந்தாள். தன் பெயரை வாசித்தபோது தலையைக் குனிந்து சிரித்தாள். நான் எழும்பவில்லை. எழும்பிச் சொல்வதானால் என்ன சொல்லைச் சொல்வது? எனக்கு அதற்குச் சொல்லும் தெரியாது. எழும்பாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் செய்கிறது அநியாயம். எழும்பினால் மற்ற மகனையும் நானே அடித்துத் துரத்துகிறேன்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. மே எட்டு புதன்கிழமை கலியாணம். நீ படித்தவர்களோடு இருக்கிறாய். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். இந்தக் கடிதம் உன்னிடம் வர எட்டு நாள், உன் பதில் வர எட்டு நாள் என்று மாஸ்டர் சொல்கிறார். எனக்கும் எண்ணத் தெரியும். ஆனாலும் சொல்.

அப்பா

லண்டன்
8.5.1968

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இதை நான் எழுதுகிற நேரம் கலியாணச் சாப்பாடு முடிந்து பந்தல் கழற்றியிருப்பார்கள்.

நேற்றுத் தந்தி அடிக்கலாம் என்று தபால் கந்தோருக்கு ஓடினேன். தாளைக் கையில் எடுத்த பிறகுதான், அங்கே தந்தியை வாங்கி எழுதுகிறவர் வாசிப்பார், கொண்டு வருகிறவர் வாசிப்பார், கலியாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்கள் என்று நினைவு வந்தது. நிறுத்துங்கள் என்று எழுதினேன். கிழித்தேன். நிறுத்த வேண்டாம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். பின்னால் நின்ற கிழவி என் பேனை எழுதவில்லை என்று நினைத்துத் தன் பேனையைத் தந்தாள். அவளுடைய பேனையால் 'அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாழ்த்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. டொக்டர் நிக்கலஸுக்கு நேரே கேள்வித்தாள் அனுப்பிவிட்டார். தை மாதத்தில் நான்தான் விலாசம் கொடுத்திருந்தேன். வேண்டாம் என்று போய்ச் சொன்னேன். போன கிழமையே தபாலில் போய்விட்டதாம்.

றொபேட்

†

திருக்கோணமலை
16.6.1968

மகன் றொபேட்டுக்கு,

மூன்றாவது ஓலையிலும் நான் எழும்பவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. வந்த தந்திகளைக் குணரத்தினம்தான் ஒவ்வொன்றாக எழுந்து நின்று வாசித்தான். உன்னுடையதை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நிக்கலஸ் அதை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தான், மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான். அருள்மலர் என்னிடம், "மாமா, லண்டன் தம்பியும் இவரை மாதிரியேதானோ?" என்று கேட்டாள். முகத்தைத்தான் கேட்டாள். ஓம் என்றேன்.

கேள்வித்தாள் கலியாணம் முடிந்து பத்தாம் நாள் வந்தது. நான் பயந்த மாதிரி அவன் அதைக் கிழிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி என்னிடம் கேட்டு எழுதினான். ஆர் முதலில் நடந்தது? நீ. ஆர் கூடுதலாக அழுதது? நீ. வாத்திமார் ஆளை மாற்றி அடித்தது உண்டா? அந்தக் கேள்வி வந்தபோது அவன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வாத்திமாரைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றான். உண்டு என்று எழுதச் சொன்னேன்.

கடைசிக் கேள்வியை அவன் எனக்குச் சொல்லவில்லை. அது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் அருள்மலர் தேத்தண்ணீரோடு வந்தாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டு, அவன் தோளில் கையை வைத்துக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு இங்கிலீசு வாசிக்க வரும். அவன் உடனே ஒரு சொல்லை எழுதித் தாளை மடித்துவிட்டான். சின்னச் சொல். இரண்டு எழுத்துப் போல இருந்தது. என்ன எழுதினாய் என்று நான் பிறகு கேட்டதற்கு, "எழுதவேண்டியதை எழுதிப்போட்டன் அப்பா" என்றான். அடுத்த நாள் இரத்தமும் கொடுத்தான். தாளோடு சேர்த்து எல்லாம் போய்விட்டது.

இங்கிலீசில் இரண்டு எழுத்தில் என்ன சொல் இருக்கிறது என்று மாஸ்டரிடம் கேட்கலாம். இதைச் சொல்லும்போதே அவருக்கு விளங்கியிருக்கும். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு இருக்கிறார். நான் கேட்கவில்லை. நீ சொல்.

அப்பா

லண்டன்
9.8.1968

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு எழுத்தில் இருந்தது 'இல்லை' என்ற சொல்.

எங்கள் இரத்தம் எல்லா வகையிலும் ஒத்துப்போகிறதாம். ஒரே கருதான், சந்தேகமில்லை என்கிறார் டொக்டர். ஒரே கருவில் பிறந்து ஒருவன் இப்படி, மற்றவன் அப்படியில்லை என்று ஒரு சோடி கிடைப்பது அருமையாம். எங்களைத் தனியாக ஒரு கட்டுரையில் போடப் போகிறார். பெயர் வராது. பிறப்பால் மட்டும் வருவதல்ல இது, முதல் இரண்டு வருட வளர்ப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதப் போகிறார். பெற்ற தாயிடமிருந்து பிரித்தது, வேறு பெண்ணின் பால். உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்ன அதே காரணம், அப்பா. இனி அது புத்தகத்தில் இருக்கும்.

அண்ணன் சொல்வதை நம்புகிறாயா என்று என்னிடம் கேட்டார். நம்புகிறேன் என்றேன். என் கை நடுங்கியது. அது எப்போதும் நடுங்குகிற கைதானே, அவர் கவனிக்கவில்லை.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், நிக்கலஸுக்கும் தெரியும். எழுதி வைக்கிறவருக்கு மட்டும் தெரியாது.

அவனோடு கோபிக்க வேண்டாம். நான் கோபிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

றொபேட்

†

திருக்கோணமலை
3.11.1968

மகன் றொபேட்டுக்கு,

டொக்டருக்கு நானே ஒரு கடிதம் சொல்லி எழுதுவிக்கலாம் என்று போன மாதம் மாஸ்டரிடம் வந்தேன். அவர் தாளை எடுத்து, மை பார்த்து, சொல்லுங்கள் என்று இருந்தார். ஐயா, என்னுடைய இரண்டு பிள்ளைகளும் என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. ஒரு பிள்ளையை மெய்யாக்கினால் மற்றப் பிள்ளை பொய்யனாகிறான். மாஸ்டர் அந்த ஒரு வரியோடு தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டார். பாதை வரும் வரைக்கும் இரண்டு பேரும் துறையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

நிக்கலஸ் சொன்னபடியே நடக்கிறான். அடிக்கிறதில்லை, குடிக்கிறதில்லை. சம்பளத்தை அவள் கையில்தான் கொடுக்கிறான். வேலை முடிந்து வந்து அவளுடைய தையல் மெசினுக்கு எண்ணெய் போடுகிறான். ஊர் அவனை நல்ல மாப்பிள்ளை என்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு அருள்மலர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, அவர் என்னோட நல்ல மாதிரித்தான். பக்கத்து வீட்டு ஆளோட நல்ல மாதிரி இருக்கிறது போல. நீங்கள் ஒண்டையும் மறக்கிறேல்லை எண்டு ஊரே சொல்லுது. சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன். தெரிஞ்சால் போதும். அவருக்கு முந்தி வேற ஆரிலயும் விருப்பம் இருந்ததோ?"

கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

கயிற்றுக் கொட்டில் தெரிந்தது. நாலு மணிச் சங்கு கேட்டது. அந்த இளந்தாரியின் கன்னத்தில் சாம்பல் நிறப் பெயின்ற் பட்டிருந்தது, அதைத் துடைத்துவிடுகிற மாதிரித்தான் நிக்கலஸின் பெருவிரல் இருந்தது. அவ்வளவு பக்குவமாக அவன் வேறொன்றையும் தொட்டு நான் கண்டதில்லை.

"எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை" என்றேன்.

அவள் சரி மாமா என்று சொல்லிவிட்டுத் திரும்ப மீனை வெட்டத் தொடங்கினாள். மத்தியானம் எனக்கு நடுத்துண்டைப் போட்டாள். நான் சாப்பிட்டேன்.

அப்பா